கப்பலுக்குப் பெயர் உண்டு, உழைப்பவனுக்கு?

(வானவடியில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கடலைப் பற்றிப் பேசப் போகிறோம். வானவடிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கே நம் கண்ணுக்குத் தெரிவது ராணுவ மருத்துவக் கல்லூரியும் ஷிந்தே சத்திரியும். மலைத்தொடரைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் அரபிக்கடல்.

ஆனாலும் உறவு இருக்கிறது. நம் குடும்பங்களில் வெல்டர் இருக்கிறார், ஃபிட்டர் இருக்கிறார், பெயிண்டர் இருக்கிறார், சமையல்காரர் இருக்கிறார். பட்டறைகளில் வேலை சுருங்கும்போதெல்லாம் நம் இளைஞர்களைத் தேடி ஏஜெண்டுகள் வருகிறார்கள். "ஆஃப்ஷோர் வேலை இருக்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி செலவு. சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கூடுதல்" என்கிறார்கள். பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு மும்பைக்கு ரயில் ஏறுகிறான். எந்தக் கப்பல், யார் முதலாளி, கடலில் எந்த இடம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஏஜெண்டின் கைப்பேசி எண் ஒன்றுதான்.

ஆகவே எண்ணெய் தேடும் கப்பலைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ரூபாய் நோட்டில் ஏறிய மேடை

மொய் எழுதும்போது நூறு ரூபாயோடு சேர்த்துவைக்க ஒரு ரூபாய் தேடுவோம் அல்லவா? பழைய ஒரு ரூபாய் நோட்டு எந்த வீட்டிலாவது இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 2015-ல் மீண்டும் அச்சிட்டு வெளியிட்ட நோட்டிலும் அதே படம்தான். கடல் நடுவே இரும்புக் கால்களை ஊன்றி நிற்கும் ஒரு மேடை. அதன் பெயர் சாகர் சாம்ராட்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்றபோது எண்ணெய் வியாபாரம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. நம் நாட்டு மண்ணில் நாமே எண்ணெய் தேடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் மத்திய அமைச்சராக இருந்த கே. டி. மாளவியா. சோவியத் நிபுணர்கள் உதவிக்கு வந்தார்கள். 1956-ல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் உருவாயிற்று. அதைத்தான் ஓ.என்.ஜி.சி. என்கிறோம். 1960-ல் குஜராத்தின் அங்கலேஷ்வரில் எண்ணெய் கிடைத்தது. பிறகு கடலை நோக்கித் திரும்பினார்கள்.

1973-ல் மேற்காசியாவில் போர் மூண்டது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. மண்ணெண்ணெய்க்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நெருக்கடியில்தான் ஜப்பானின் ஹிரோஷிமாவில் கட்டப்பட்ட சாகர் சாம்ராட் வந்து சேர்ந்தது. மும்பைக்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டரில் கடலடியைத் துளைத்தது. 1974 பிப்ரவரியில் எண்ணெய் கண்டது. 1976 மே 21 அன்று உற்பத்தி தொடங்கியது. அதுதான் பாம்பே ஹை. இந்தியாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் அது.

இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இன்றும் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சொந்தக் கடலில் கிடைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் அந்தச் செலவைக் குறைக்கும். நாட்டின் சொந்த நிறுவனம், மக்கள் பணத்தில் எழுந்த நிறுவனம், இந்தச் சாதனையைச் செய்தது என்பதில் உழைப்பாளி மக்களுக்கும் பெருமை உண்டு. நம் கேள்வி வேறு. மேடை ரூபாய் நோட்டில் ஏறியது. அதைத் தாங்கி நிற்கும் மனிதர்கள் எந்தக் கணக்கில் ஏறினார்கள்?

கடலில் போர் போடுவது எப்படி?

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டு நம்பர் பலகையோடு இந்த மகாராஷ்டிரத்தின் வறண்ட ஊர்களிலும் அது வந்து நிற்கும். லாரி நிற்கிறது, கோபுரம் நிமிர்கிறது, குழாய்க்குக் குழாய் பூட்டிப் பூட்டிப் பூமிக்குள் இறக்குகிறார்கள். எண்ணெய்க் கிணறும் அடிப்படையில் அதே வேலைதான். ஆனால் மூன்று வேறுபாடுகள்.

ஒன்று, நிற்பதற்குத் தரை இல்லை. ஆழம் குறைந்த கடலில் சாகர் சாம்ராட் போன்ற மேடைகள் கால்களைக் கடலடியில் ஊன்றி, உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஆழமான கடலில் கால் எட்டாது. அங்கேதான் துரப்பணக் கப்பல் தேவைப்படுகிறது. பார்ப்பதற்குச் சாதாரணக் கப்பல்தான். ஆனால் நடுவயிற்றில் ஒரு பெரிய துவாரம் இருக்கும். அதற்கு நேர் மேலே கோபுரம். அந்தத் துவாரத்தின் வழியாகக் குழாய் கடலுக்குள் இறங்கும். அலை எப்படி அடித்தாலும் கப்பல் கிணற்றுக்கு நேர் மேலே நிற்கவேண்டும். அதற்காகப் பல நங்கூரங்களைச் சுற்றிலும் போட்டுக் கட்டுவார்கள். புதிய கப்பல்களில் கம்ப்யூட்டர் சொல்லும்படி சுழலும் இயந்திர விசிறிகளே கப்பலைப் பிடித்து நிறுத்தும்.

இரண்டு, சேறு. போர்வெல்லில் காற்றை அடித்து மண்ணை வெளியே தள்ளுகிறோம். எண்ணெய்க் கிணற்றில் கனமான சேற்றுக் கலவையைக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். அது பாறைத் தூளை மேலே கொண்டுவரும். அதோடு, கீழேயிருந்து பீறிட வரும் வாயுவைத் தன் எடையால் அமுக்கியும் வைக்கும்.

மூன்று, ஆபத்து. போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டால் கைதட்டுவோம். இங்கே வாயு பீறிட்டால் சாவு. அதனால் கிணற்றின் வாயில் பெரிய அடைப்பான்கள் பொருத்தப்படுகின்றன. சேறும் தோற்று, அடைப்பானும் தோற்றால் வெடிப்பு. 1982-ல் பாம்பே ஹையில் சாகர் விகாஸ் என்ற மேடையில் அப்படி ஒரு வெடிப்பு நடந்தது. அமெரிக்கக் கடலில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர்கள் மாண்டார்கள். பல ஆண்டுகள் பெரிய விபத்தின்றி வேலை நடந்ததைப் பாராட்டுவதற்கென்று மேலதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்த நாள் அது!

தோழர்களே, இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த வேலையில் ஒவ்வொருவனும் மற்றவன் உயிரைக் கையில் வைத்திருக்கிறான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் எந்த உரிமையோடு நிற்கிறான் என்பதுதான் கேள்வி.

சாகர் பூஷண் கண்ட இரண்டு நாட்கள்

ஓ.என்.ஜி.சி.க்குச் சொந்தமான துரப்பணக் கப்பல்களில் ஒன்று சாகர் பூஷண். விசாகப்பட்டினத்தில் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் நம் நாட்டுத் தொழிலாளர்கள் கட்டியது. 1987-ல் பணிக்கு வந்தது. அந்தக் கப்பலின் வாழ்வில் இரண்டு நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள், 2018 பிப்ரவரி 13. கப்பல் கடலில் இல்லை. பழுது பார்ப்பதற்காகக் கொச்சி கப்பல் தளத்தில் நிற்கிறது. புயல் இல்லை, அலை இல்லை. காலை நேரம். கப்பலுக்குள் மூடிய பகுதியில் தேங்கியிருந்த எரிவாயு தீப்பற்றி வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி கேஸ் கட்டிங் செய்த அனுபவமுள்ளவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். காற்றோட்டம் இல்லாத அறை என்றால் என்ன, இரவு முழுதும் வாயு கசிந்தால் காலையில் அங்கே நுழைபவன் கதி என்ன என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகுமுன் வாயு இருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிப்பது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் யாருக்குச் செலவு, யாருக்கு உயிர் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள், 2021 மே 17. தவுக்தே புயல் அரபிக்கடலில் சீறுகிறது. அதே சாகர் பூஷண் 101 பேரோடு கடலில் இருக்கிறது. நங்கூரங்களை இழந்த கப்பல் காற்று தள்ளிய திசையில் வடக்கு நோக்கி மிதந்தது. குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்குத் தென்கிழக்கே கடலில் இருந்த கப்பலுக்கு உதவ இந்தியக் கடற்படை போர்க்கப்பலை அனுப்பியது. 101 பேரும் உயிரோடு மீண்டார்கள். அவர்களைக் காத்தவர்களை வணங்குகிறோம்.

ஆனால் அன்று எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை.

பி-305

அதே புயலில், பாம்பே ஹை பகுதியில், பி-305 என்ற பார்ஜ் இருந்தது. கவனியுங்கள், சாகர் பூஷணுக்கு ஒரு பெயராவது உண்டு. இதற்கு ஓர் எண்தான். எண்ணெய் மேடைகளில் வேலை செய்யும் தொழிலாளர்கள் தங்குவதற்கான மிதக்கும் விடுதி அது. அதற்குச் சொந்தமாக ஓடும் எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு இழுத்தால்தான் நகரும். அதில் 261 பேர் இருந்தார்கள். வெல்டர்கள், ஃபிட்டர்கள், பெயிண்டர்கள், சமையல்காரர்கள். நம்மைப் போன்றவர்கள்.

புயல் வரப்போகிறது என்று வானிலைத் துறை சில நாட்கள் முன்பே எச்சரித்திருந்தது. பல கப்பல்கள் கரைக்குத் திரும்பின. பி-305 திரும்பவில்லை. எண்ணெய் மேடையிலிருந்து சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நின்றுவிட்டது. மே 16 இரவும் 17 காலையும் நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. எஞ்சின் இல்லாத பார்ஜ் அலைகளில் தள்ளாடிப் போய் ஆளில்லாத ஒரு மேடையில் மோதியது. ஓட்டை விழுந்தது. மாலையில் மூழ்கியது. ஐ.என்.எஸ். கொச்சியும் ஐ.என்.எஸ். கொல்கத்தாவும் கொந்தளிக்கும் கடலில் இரவெல்லாம் தேடி மனிதர்களைத் தூக்கின. உயிர்காப்பு மிதவைகளில் பல ஓட்டையாக இருந்தன என்று பிழைத்து வந்தவர் ஒருவர் சொன்னார்.

பார்ஜிலும் வரப்பிரதா என்ற இழுவைப் படகிலும் சேர்த்து 274 பேர். மீட்கப்பட்டவர்கள் 188. இறந்தவர்கள் 86.

தாய்மார்களே, இதற்கு அடுத்து நடந்ததை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். உடல்கள் கடலிலிருந்து வந்தன. பல நாட்கள் தண்ணீரில் கிடந்த உடல்கள். மும்பை ஜே.ஜே. மருத்துவமனை வாசலில் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த உறவினர்கள் காத்துக் கிடந்தார்கள். பலரை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. மரபணுச் சோதனை செய்துதான் யார் பிள்ளை யாருடையவன் என்று முடிவு செய்தார்கள்.

பொறுப்பு யாருடையது?

அந்த 261 பேரும் யாருடைய ஆட்கள்? எண்ணெய் வயல் ஓ.என்.ஜி.சி.யுடையது. அங்கே வேலையை எடுத்தது ஆஃப்கான்ஸ் என்ற பெரும் கட்டுமான நிறுவனம். பார்ஜ் இன்னொரு நிறுவனத்தின் சொத்து, வாடகைக்கு வந்தது. மேலே உழைத்தவர்களில் பலர் அதற்கும் கீழே உள்ள காண்டிராக்டர்களின் ஆட்கள். ஒரு வீட்டுக்கு நாலு திண்ணை. எந்தத் திண்ணையில் போய் நீதி கேட்பது?

விபத்துக்குப் பிறகு மும்பைக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. வழக்கில் முதலில் வந்த பெயர் பார்ஜின் கேப்டன். அவரும் கடலில் மாண்டவர்களில் ஒருவர். மத்திய அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஓ.என்.ஜி.சி.யின் உயர் அதிகாரிகள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கேப்டன் தவறு செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். ஆனால் அந்தப் பார்ஜில் தூங்கிய வெல்டருக்கு "புயல் வருகிறது, எங்களைக் கரைக்குக் கொண்டுபோ" என்று சொல்ல உரிமை இருந்ததா? சொன்னால் கேட்க யாராவது இருந்தார்களா? அடுத்த முறை வேலை கிடைக்குமா என்ற பயம் இல்லாமல் சொல்ல முடிந்திருக்குமா? இதுதான் கேள்வி. ஒப்பந்தம் எத்தனை படிக்கட்டு இறங்குகிறதோ, அத்தனை படிக்கட்டு பொறுப்பும் இறங்கி, கடைசியில் கடலில் விழுகிறது.

இது 2021-ல் புதிதாக வந்த நோய் அல்ல. 2005 ஜூலை 27 அன்று பாம்பே ஹை வடக்கு மேடை எரிந்தது. சமுத்திர சுரக்‌ஷா என்ற உதவிக் கப்பலில் ஒரு சமையல்காரர் விரல் வெட்டுப்பட்டார். அவரைச் சிகிச்சைக்காக மேடைக்கு மாற்றும் முயற்சியில் கப்பல் மேடையை உரசி, வாயுக் குழாயை உடைத்தது. இரண்டு மணி நேரத்தில் மேடையே அழிந்தது. 384 பேரில் 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 22 பேர் திரும்பவில்லை. ஒரு சமையல்காரரின் விரல் காயம் என்றால் சின்ன விஷயமா? கடலில் சின்ன விஷயம் என்று ஒன்று இல்லை.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1980 மார்ச் 27 அன்று நார்வே நாட்டின் கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மேடை புயலில் ஒரு கால் முறிந்து கவிழ்ந்தது. அதுவும் அப்போது துளைக்கும் மேடையாக இல்லை. தொழிலாளர் தங்கும் விடுதியாகத்தான் இருந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு நம் கடலில் மூழ்கியதும் ஒரு தங்கும் விடுதி.

நார்வே நாட்டுச் சட்டப்படி தொழிலாளர்கள் தங்களுக்குள் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உடனடி உயிர் ஆபத்து என்று அவர் கருதினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. எண்ணெய் எடுப்பதில் அந்த நாடு பின்தங்கிவிட்டதா? இல்லை. தொழிலாளிக்கு "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் கொடுத்ததால் எண்ணெய் வற்றிப் போய்விடவில்லை.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. கடலில் எண்ணெய் வேலைக்கென்று 2008-ல் தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1979-ல் இயற்றப்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் நம்மைப் போன்றவர்களுக்காக வந்தது. அதில் இடப்பெயர்ச்சிப் படி என்று ஒரு உரிமை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது; ஊருக்குப் போய்வரும் பயணப்படி இருக்கிறது. இதை நாம் எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் புதிய தொகுப்பில் நம் கைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்வது தொழிலாளியின் உரிமை. நார்வே அளவுக்கு இல்லை. "சொல்லலாம்" என்பதற்கும் "நிறுத்தலாம்" என்பதற்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. அந்தக் கடலைத் தாண்டுவது சங்கத்தின் வேலை.

கடலைக் கடையப் போகிறார்கள்

இப்போது ஏன் இதைப் பேசுகிறோம்? 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர், ஆழ்கடலில் எண்ணெயும் வாயுவும் தேடும் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தார். அதைச் சமுத்திர மந்தன், கடல் கடைதல் என்று குறிப்பிட்டார். கதை நமக்கும் தெரியும். பாற்கடலைக் கடைந்தபோது அமுதம் மட்டுமா வந்தது? ஆலகாலமும் வந்தது. கயிறாகக் கிடந்த பாம்புக்கு வலித்தது. அமுதத்தைப் பங்கு போடும் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதும் கதையிலேயே இருக்கிறது. இன்று கடையப் போகும் கயிறு நம் பிள்ளைகள். ஆகவே பங்கைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி வேறு உருவில் எழுந்திருக்கிறது. 2025-ல் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் பகுதியை எண்ணெய் ஏலத்தில் சேர்த்ததும் மீனவர்கள் கொதித்தார்கள். அந்தப் பகுதியை ஏலத்திலிருந்து நீக்கும்படி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காவிரிப் படுகை உழவர்களின் போராட்டத்துக்குப் பிறகுதான் 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. வலை வீசும் மீனவரும் வெல்டிங் செய்யும் தொழிலாளியும் எதிரிகள் அல்ல. இருவரும் கேட்பது ஒன்றே: எங்கள் உயிரையும் பிழைப்பையும் பற்றிய முடிவை எங்களைக் கேட்டு எடு.

நாம் என்ன செய்ய வேண்டும்?

பேசிவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. கடலுக்குப் போகாதே என்றும் நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடுப்பு எரிய வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், ஊரில் வாங்கிய கடன் இருக்கிறது. போகட்டும். ஆனால் பெயரில்லாதவனாகப் போகக் கூடாது.

முதலாவது, நியமனக் கடிதம். அதில் வேலை கொடுப்பவர் பெயர் இருக்க வேண்டும். ஏஜெண்டின் வாய்ச்சொல்லோ துண்டுச் சீட்டோ போதாது. "அங்கே போனதும் கொடுப்பார்கள்" என்றால் "கொடுத்ததும் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, சம்பளம் காகிதத்தில் எவ்வளவு? இது முக்கியம். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். 25 வயதுக்கு அந்த எண் 216.91. பழைய 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் 15,000 ரூபாய்க்கு இழப்பீடு 16 லட்சத்து 26 ஆயிரத்து 825 ரூபாய். அதே இளைஞனுக்குக் கையில் இருபதாயிரம் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் 8,000 என்று எழுதியிருந்தால்? 8 லட்சத்து 67 ஆயிரத்து 640 ரூபாய். பாதிப் பணம் காகிதத்தில் போய்விட்டது! புதிய தொகுப்பிலும் பாதிச் சம்பளத்தை வயது எண்ணால் பெருக்கும் முறை தொடர்கிறது. ஆகவே பிடித்தம் குறையும் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்து எழுதச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது, பயிற்சி. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் வெளியே வருவது எப்படி, மிதவையில் ஏறுவது எப்படி, தீ வந்தால் எங்கே கூடுவது என்பதற்குப் பயிற்சி உண்டு. 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் என்ற மேடை அருகே ஹெலிகாப்டர் கடலில் இறங்கியபோது ஒன்பது பேரில் நால்வர் இறந்தார்கள். நீந்தத் தெரியும் என்பது பயிற்சி ஆகாது. அந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அனுப்பும் காண்டிராக்டரிடம் போகாதீர்கள். பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கும் வேலையும் வேண்டாம். கடல் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

நான்காவது, போனவுடன் பார்க்க வேண்டியவை. நீ ஏறிய கப்பலின் பெயர் அல்லது எண் என்ன? ஆட்களின் பட்டியலில் உன் பெயர் சரியாக இருக்கிறதா? உன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? மிதவைகளைக் கடைசியாகச் சோதித்த தேதி எது? கப்பலுக்குச் சொந்த எஞ்சின் உண்டா, இல்லை இழுவைப் படகை நம்பியிருக்கிறதா? மே, ஜூன் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அரபிக்கடலில் புயல் வரும். அப்போது எப்போது கரைக்குத் திரும்புவார்கள் என்று முதல் நாளே கேள். தனியாகக் கேட்டால் வம்புக்காரன் என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்வார்கள்.

ஐந்தாவது, இது தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கப்பலின் பெயர், வேலை கொடுத்தவர் பெயர், அதற்கு மேலே வேலை எடுத்த கம்பெனி, காண்டிராக்டரின் முகவரி, நியமனக் கடிதத்தின் நகல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் நகல். பிள்ளை கோபித்துக்கொண்டாலும் விடாதீர்கள். மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய காகிதம் புரியவில்லை என்றால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்லச் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள்.

சங்கமும் தன் பங்கைச் செய்யும். வானவடியிலிருந்து கடல் வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுவோம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே அந்தப் பதிவேட்டை எடுத்து, காண்டிராக்டருக்கும் மேல் கம்பெனிக்கும் தொலைபேசியில் கேட்போம்: எங்கள் ஆள் எங்கே, கரைக்கு எப்போது வருகிறான்? பதில் இல்லையென்றால் எழுத்தில் கேட்போம். மற்ற மாநிலத் தொழிலாளர்களின் சங்கங்களோடும் கை கோத்துக் கேட்போம். பி-305-ல் இறந்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று கடல் கேட்கவில்லை. அவர்களுக்காகப் பேசும்போது நாமும் மொழி பார்க்கத் தேவையில்லை.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகளும் தெளிவானவை. எத்தனை படிக்கட்டு ஒப்பந்தம் இருந்தாலும் கடலில் இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் வயலின் சொந்தக்காரரே முதல் பொறுப்பு என்று சட்டத்தில் எழுத வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்கள் இருக்கும் எஞ்சினில்லாத பார்ஜ் எதையும் கடலில் விட்டுவைக்கக் கூடாது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். கடலுக்குப் போகும் காண்டிராக்ட் ஆட்களின் பட்டியல் கரையில், குடும்பத்தார் கேட்டால் காட்டும் இடத்தில், நாள்தோறும் இருக்க வேண்டும்.

தோழர்களே! கப்பல் நாட்டின் சொத்து என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறோம். எண்ணெய் நாட்டின் சொத்து என்கிறார்கள். அதையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கப்பலில் ஏறி அந்த எண்ணெயை எடுப்பவனும் நாட்டின் சொத்துத்தான் என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதே நம் வேலை. பதிவேடு இன்று இந்த மேசை மேல் திறந்திருக்கிறது. கடலில் பிள்ளை இருக்கும் குடும்பத்தார் முதலில் வந்து பெயர் எழுதுங்கள்.